கண்மாய்க்கரை முதல் கோயில்காடு வரை: தரைச்சிலந்திகளைக் கணக்கெடுப்பது குறித்து

விலங்கியல் மாணவி, காரைக்குடி:
வணக்கம். முதுகலை ஆய்வேட்டிற்காகக் கண்மாய்க்கரை, முந்திரிக்காடு, செம்புறாங்கல் பொட்டல், ஐயனார் கோயில்காடு ஆகிய நான்கு வாழிடங்களில் தரைச்சிலந்திகளைக் கணக்கெடுக்க எண்ணியுள்ளேன். இடத்துக்குப் பத்துக் கோப்பைகளைக் குழிப்பொறியாகப் புதைத்து, விழும் எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்த வாழிடம் வளமானது என்று சொல்லிவிட முடியுமா?

பொட்டல்வாசி:
முடியாது என்பதே என் கருத்து. குழிப்பொறி காட்டுவது சிலந்திகளின் எண்ணிக்கையை மட்டுமன்று, அவற்றின் நடமாட்டத்தையும்தான். வெறுந்தரையில் தடையின்றி ஓடும் ஓநாய்ச் சிலந்தி எளிதில் விழுந்துவிடும். கோயில்காட்டுச் சருகுக்குள் அதே அளவு சிலந்திகள் இருந்தாலும் குறைவாகவே விழும். இணைசேரும் பருவத்தில் பெண்ணைத் தேடி அலையும் ஆண்கள் மிகுதியாக அகப்படும். புல்லிடையே புனல் போல வலை பின்னி, அதன் குழாய்வாயிலேயே அமர்ந்திருக்கும் இனங்களோ அரிதாகத்தான் சிக்கும். ஆகவே சம அளவு சதுரங்களில் சருகைச் சலித்துப் பாருங்கள். இரவில் நெற்றிவிளக்குடனும் தேடுங்கள். உங்கள் கண்களுக்கு அருகே விளக்கு இருந்தால் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் எதிரொளித்து மின்னும். முட்டைப்பையை வயிற்றின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு நடக்கும் தாயையும் அப்படியே காணலாம்.

புள்ளியியல் ஆசிரியர்:
ஒரே கண்மாய்க்கரையில் பத்துக் கோப்பை வைத்தாலும் அது ஒரு கண்மாய்தான். கோப்பைகளைக் குறைத்தாவது, வாழிடத்துக்கு மூன்று தனித்தனி இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்; செட்டிநாட்டில் கண்மாய்க்கா பஞ்சம்? சிக்கிய சிலந்திகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால், இன எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடாமல் சம மாதிரி அளவுக்குக் குறைத்து, அதாவது எல்லா இடங்களிலும் ஒரே எண்ணிக்கையில் சிலந்திகள் சிக்கியிருந்தால் எத்தனை இனங்கள் இருந்திருக்கும் என்று கணித்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

களப்பணியாளர்:
கோப்பையின் விளிம்பு தரைமட்டத்துக்கு மேல் சிறிதும் துருத்தக் கூடாது. விழுந்த சிலந்திகள் கெடாதிருக்கச் சிலர் கோப்பைக்குள் கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டைப் பயன்படுத்துகிறார்கள். எத்திலீன் கிளைக்கால் கலந்த வகை இனிப்பானது, கொடிய நஞ்சு. ஆடும் நாயும் திரியும் நம் ஊர்ப்பக்கம் அது வேண்டவே வேண்டாம். அடர்ந்த உப்புநீரில் சில சொட்டுச் சோப்புக் கரைசல் போதும்; ஆனால் சில நாள்களுக்குள் எடுத்து 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுங்கள். அரணையும் தவளையும் விழாதிருக்க மேலே கம்பிவலையும், மழைநீர் புகாதிருக்கக் கற்களின்மேல் தூக்கி வைத்த ஓடும் தேவை. ஐப்பசி அடைமழையில் கண்மாயின் உட்புறச் சரிவு நீரில் மூழ்கும் என்பதால் அங்கே வைக்காதீர்கள்.

விலங்கியல் மாணவி:
மிக்க நன்றி. குஞ்சுகளையும் இனவாரியாகப் பிரிக்க வேண்டுமா?

பொட்டல்வாசி:
குடும்பம் என்ற வகைப்பாட்டு நிலை வரை பிரித்தால் போதும். ஆணின் வாயருகே உள்ள உணர்கால் (pedipalp) நுனியையும் பெண்ணின் வயிற்றடியில் உள்ள இனப்புழைத் தகட்டையும் (epigyne) நுண்ணோக்கியில் பார்த்தே இனத்தை உறுதிசெய்ய இயலும். அவை முதிர்ந்தவற்றில்தான் முழுமையாக உருவாகியிருக்கும்.