ஒரே லேப், ஒரே மாடல், ஆனால் அப்டேட் மட்டும் ஒரே நாளில் வரவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். 36 சிஸ்டமும் ஒரே மாடல், ஒரே வண்டியில் வந்து இறங்கியவை. 2024 அக்டோபர் 1 அன்று விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 என்ற பெரிய அப்டேட் வெளியானது. புது அப்டேட் வந்ததும் உடனே வேண்டும் என்ற செட்டிங்கை எல்லாவற்றிலும் ஆன் செய்துதான் வைத்திருந்தேன். பின்வரிசைகளுக்கு ஒவ்வொன்றாக வந்துவிட்டது. முன்னால் இருக்கும் இரண்டு வரிசைக்கு மட்டும் வரவே இல்லை. பையன்கள் “சார், இது பழைய சிஸ்டமா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேபிளை மாற்றினேன், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

ஒரு சாயங்காலம் லேப் காலியானதும் முன்வரிசையில் ஒன்று, பின்வரிசையில் ஒன்று என்று இரண்டு சிஸ்டத்தைத் திறந்து, புரோகிராம் பட்டியலை வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். ஆன்லைன் தேர்வுக்காக முன்வரிசைகளில் சேஃப் எக்ஸாம் பிரவுசர் 3.7 போட்டிருந்தோம். மைக்ரோசாஃப்ட்டின் அறிவிப்புப் பக்கத்தைத் தேடிப் படித்தால் அங்கே அதே பெயர்! 3.7-உம் அதற்கு முந்தையவையும் 24ஹெச்2-வில் திறக்காமல் போகலாம், அதனால் அவை உள்ள கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று இருந்தது. இதற்கு சேஃப்கார்ட் ஹோல்ட் என்று பெயர். செமஸ்டர் தேர்வு அன்று காலையில் இரண்டு வரிசை திறக்காமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது, வராத அப்டேட்டுக்கு மனதார நன்றி சொன்னேன்.

அதுவரை ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ பட்டனை அடிக்கடி அழுத்துவது என் வழக்கம். இப்போது இல்லை. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 அப்டேட்டை முதலில் வாங்கியவர்கள் அந்தப் பட்டனைத் தாங்களே அழுத்தியவர்கள்தான். சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த கோப்புகளே அழிந்தன. நான்கு நாளில் நிறுத்திவிட்டு, நவம்பர் 13-இல்தான் திரும்ப வெளியிட்டார்கள். வரிசையில் காத்திருந்தவர்களின் கோப்புகள் தப்பின.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

சார், எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப்பிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ். என்னுடையதில் அப்டேட் ஓடி முடிந்தது. பக்கத்து மேஜையில் மகளுடையதில் அதே பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) ‘கெப்ட் பேக்’, அதாவது நிறுத்திவைக்கப்பட்டது, என்று நின்றது. ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஒருவகைக் குலுக்கல். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள மெஷின் ஐடி, பேக்கேஜின் பெயர், பதிப்பு எண் மூன்றையும் சேர்த்து ஓர் எண் விழும். முதலில் பத்தில் ஒரு பங்கு சிஸ்டங்களுக்கு, பிறகு படிப்படியாகக் கூட்டுவார்கள். கிராஷ் ரிப்போர்ட் கூடினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம், பேக்கேஜ் மாறினால் எண்ணும் மாறும். அதனால் ஒரே ஆள் எப்போதும் முதல் பலியாவதில்லை. பாதுகாப்பு அப்டேட்டுக்கு இந்தக் குலுக்கல் கிடையாது.

*

எங்கள் கதை நேர்மாறு. மூன்று கிளை உள்ள ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனி பெயர் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் மூன்று கடைக்கும் ஒரே ராத்திரியில் அப்டேட் அனுப்பிவிட்டார்கள். காலையில் கடை திறந்தால் பில்லில் விலை இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ எண். மூன்று கடையிலும் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதினோம். ஒரு கடைக்கு மட்டும் முதலில் அனுப்பியிருந்தால் மற்ற இரண்டும் ஓடியிருக்கும்.

உலக அளவில் இதேதான் 2024 ஜூலை 19 அன்று. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி ஒரு அப்டேட் கோப்பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39-க்குப் போய், 10.57-க்குத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் விழுந்துவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக்கொடுத்தார்கள். ‘ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம்’ என்று கவனமாக செட்டிங் போட்டிருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் இந்தக் கோப்புக்கு அந்த செட்டிங் பொருந்தாது. அதன் பிறகுதான் இந்த வகைக் கோப்புகளையும் கட்டம் கட்டமாக அனுப்பும் முறைக்கு வந்தார்கள்.

*

அருமை, இரண்டு பேருக்கும் நன்றி. ஒருவர் தனியாகக் கேட்டார்: அப்படியென்றால் எல்லா அப்டேட்டையும் தள்ளிப்போடலாமா? வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச் 14-இலேயே வந்துவிட்டது. வைரஸ் பரவியது மே 12 அன்று. இரண்டு மாதம் அந்தப் பேட்சைப் போடாமல் இருந்தவர்கள்தான் சிக்கினார்கள், இங்கிலாந்து மருத்துவமனைகள் உட்பட.

எங்கள் லேபில் இப்போது செய்வது இதுதான். விண்டோஸின் மாதாந்திரப் பேட்ச் இரண்டாம் செவ்வாய் இரவு, நமக்கு பத்தரை அல்லது பதினொன்றரைக்கு வரும். புதன் காலை இரண்டு சிஸ்டத்தில் மட்டும் போட்டு, பிரிண்டர், புரொஜெக்டர், தேர்வு பிரவுசர் மூன்றையும் ஓட்டிப் பார்க்கிறேன். சரியாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் மற்ற 34-க்கும் போய்விடும். அந்த இரண்டின் மானிட்டரிலும் ‘முதலில் இது’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பையன்கள் இப்போது அதில் உட்காரத்தான் போட்டி போடுகிறார்கள்.