65 மி.மீ. அறை, 70 மி.மீ. தோட்டா: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாத்தாவின் 12 போர் (bore, குழல் விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. பர்மிங்ஹாம் சோதனை முத்திரை, இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி இணைத்த டமாஸ்கஸ் குழல், பாம்புத்தோல் மாதிரி வரி ஓடுகிறது. 'நைட்ரோ ப்ரூஃப்' (புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது) என்று எங்கும் இல்லை. அப்படியானால் கருமருந்துக்கு (பழைய கறுப்பு வெடிமருந்து) மட்டும் சோதித்ததாகத்தான் இருக்கும்.

குழலில் தோட்டா அமரும் அறை 65 மி.மீ. நீளம். கடையில் தருவதோ 70 மி.மீ. புகையில்லா மருந்துத் தோட்டா. வம்பு என்னவென்றால், அது சுலபமாக உள்ளே போய்விடுகிறது! 70 என்பது சுட்டபின் தோட்டாவின் மடிந்த வாய் விரிந்த நீளம். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறும்.

அறையை நீட்டிக் கடையலாம் என்கிறார்கள். குழல் சுவர் மெலியுமே, மனம் வரவில்லை. கோவை, மைசூர் பக்கம் சுவர்க் கனத்தை அளக்கத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் யாராவது உண்டா? அப்புறம், குறைந்த அழுத்த 65 மி.மீ. தோட்டா எங்கே கிடைக்கும்? "ஒன்று போட்டுத்தான் பாரேன்" என்பவர்கள் மன்னிக்கவும்.