புதுப்பிப்பு: 94-இலேயே நின்ற 300 எம்பிபிஎஸ் இணைப்பு

300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) இன்டர்நெட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் பதிவிறக்க வேகம் 94-ஐத் தாண்டவில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. ரூட்டரை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், குற்றவாளி கேபிள்தான்.

94 என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் (கேபிள் வழி இணைப்பு), தரவோடு கூடவே போகும் கட்டுப்பாட்டுத் தகவலுக்கான கழிவெல்லாம் போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். 100-ஐத் தாண்டிய அடுத்த படியான கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடியே போதும். ஃபைபர் பெட்டியிலிருந்து ரூட்டருக்கு வரும் கேபிள் கதவிடுக்கில் நசுங்கி, ஒரு ஜோடி அறுந்திருந்தது. அதனால் இணைப்பு 100-க்கு இறங்கிவிட்டது. நெட்தான் வருகிறதே என்று யாரும் (நானும்தான்) அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புது கேட் 5இ (கிகாபிட் தாங்கும் வகை) கேபிள் மாட்டினேன், இப்போது 280-க்கு மேல். படுக்கையறை வைஃபை மட்டும் இன்னும் 40தான். போன் வைஃபையின் வேகம் குறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, அதை அப்புறம் பார்க்கிறேன்.