சேவல் காசும் சீட்டுப் பணமும்: கைக்கு எட்டாத நாணயத்தை நீங்கள் எப்படி வாங்கினீர்கள்?

கெடிலக்கரை, கடலூர்

ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் வரிசையை முடிக்க நினைப்பவருக்கு 1938 பெரிய செலவு வைக்காது. 1940 முதல் 1945 வரை உள்ளவற்றில் வெள்ளி பாதிதான், அவையும் எளிதில் கிடைக்கும். நடுவில் 1939 என்று ஒன்று இருக்கிறது. 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியுமாக வந்த பழைய தரத்தின் கடைசி ஆண்டு அது. அதன் விலையைச் சொன்னால் வீட்டில் அன்றைக்குச் சமையல் நடக்காது.

வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதில் நாணயம் சேர்ப்பவர்கள் இத்தகைய நாணயங்களை எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

1939-க்கு அலைவதை நான் நிறுத்திவிட்டேன். அரிய நாணயம் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயைத் தேடினேன். மன்னர் அணிந்திருக்கும் மேலங்கியின் சங்கிலியில் ஒரு யானை தொங்கும். அந்த ஆண்டு அடித்ததில் யானையின் துதிக்கை குட்டையாக விழுந்து, பார்ப்பதற்குப் பன்றி போல ஆகிவிட்டது. மக்களிடம் எதிர்ப்பு கிளம்பியதும் வெளியீட்டை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். தப்பித்தவைதான் இன்று 'பன்றி ரூபாய்' என்று விலை பேசப்படுகின்றன.

எனக்குக் கிடைத்தது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வெள்ளிக் கடையில். அந்தக் கடைக்காரர் பழைய ரூபாய்களை ஒரு பித்தளைத் தட்டில் கொட்டி வைத்திருப்பார். ஆண்டு பார்க்க மாட்டார், எடைதான் பார்ப்பார். நான் எடுத்ததன் விளிம்பில், மன்னரின் தலைக்கு நேர் மேலே, கொக்கி பற்றவைத்து எடுத்த ஈயத் தடம் கரும்புள்ளியாக இருக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பிள்ளையின் கழுத்தில் கிடந்திருக்கிறது. முகம் தேய்ந்திருந்தாலும் சங்கிலியும் அந்தப் பாவப்பட்ட யானையும் தெளிவாகத் தெரிகின்றன. வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தேன், அவ்வளவுதான். கண்காட்சியில் இதே ஆண்டு பழுதில்லாமல் இருந்தால் அதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

—

சேவல் காசு, முத்தியால்பேட்டை

கெடிலக்கரை அண்ணனுக்கு வணக்கம். என் கதை சீட்டுக் கதை.

பிரெஞ்சுக்காரர்களின் செப்புத் துட்டு புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதில்லை. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. சாதாரணமான துட்டு இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1830-இல் பிரான்சில் புரட்சி நடந்து லூயி பிலிப் மன்னரானதும் அரச குடும்பத்தின் லில்லிக்கு வேலை இல்லாமல் போனது. அதனால் 1836 துட்டில் லில்லி இருந்த இடத்தில் சேவல் வந்து நின்றது. அந்தச் சேவல்தான் எனக்கு வேண்டியிருந்தது. லில்லித் துட்டு வாங்கும் பணத்தில் சேவலின் வாலைக்கூடத் தொட முடியாது.

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதச் சீட்டு பிடித்தோம். எல்லோரும் நாணயக்காரர்கள். ஒரே ஒரு நிபந்தனை: சீட்டை எடுப்பவர் அந்தப் பணத்தில் ஒற்றை நாணயம் மட்டுமே வாங்க வேண்டும். பத்துச் சில்லறையாக வாங்கக் கூடாது. வாங்கியதை அடுத்த மாதம் எல்லோருக்கும் காட்ட வேண்டும். என் முறைக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, தள்ளிக் கேட்டு எடுத்தேன். என் மனைவிக்கு இந்தச் சீட்டைப் பற்றித் தெரியும், நிபந்தனையைப் பற்றித்தான் தெரியாது. ஃபிரிட்ஜ் வரும் என்று நினைத்திருந்தாள்.

சேவலின் கொண்டை தேய்ந்திருக்கிறது, '1836' முழுதாக இருக்கிறது. எனக்கு அது போதும். வாங்கிய பிறகு லில்லித் துட்டுகளில் இரட்டையாக இருந்தவற்றைக் கொடுத்துவிட்டுச் சீட்டுக் கடனில் கொஞ்சம் குறைத்தேன். மனசு கேட்கவில்லைதான். ஒரே மாதிரி இருக்கும் துட்டுகளை டப்பாவில் போட்டுப் பூட்டி வைப்பதில் என்ன சுகம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

—

மஞ்சள் பை, வில்லியனூர்

கெடிலக்கரை அண்ணா கொக்கித் தடம் உள்ளதை வாங்கியதாகத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறார். எதற்குத் தயக்கம்? நான் துளையிட்ட நாணயங்களை மட்டுமே தேடி வாங்குகிறேன்.

நம் பக்கத்தில் காசை நகையாக்காத குடும்பம் குறைவு. புதுச்சேரியில் அடித்த வெள்ளிப் பணம், பிரெஞ்சில் ஃபனோன், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மாலையில் கோப்பதற்கென்றே பிறந்தது. ஏல அட்டவணைக்காரர்கள் துளை விழுந்ததும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பாதி விலைக்கும் கீழே போகும். அந்த விலையில்தான் 1837 பணம் என் கைக்கு வந்தது. கிரீடத்துக்குச் சற்று மேலே துளை. ஆண்டின் மேல் படவில்லை. வாங்கும்போது நான் பார்ப்பது அது ஒன்றைத்தான்: துளை எதைத் தின்றிருக்கிறது? ஆண்டும் சின்னமும் தப்பியிருந்தால் வாங்குவேன்.

ஒன்றில் மட்டும் விழிப்பாக இருங்கள். துளையை அடைத்து, மெருகேற்றி, நல்ல நாணயம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் காட்டினார், தரமானது என்று சத்தியம் செய்யாத குறை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடைத்த இடத்தில் வெள்ளியின் நிறம் ஒரு வட்டமாக மாறியிருந்தது. அந்த வட்டத்துக்குள் கிரீடத்தின் கோடுகள் மட்டும் அப்பாவித்தனமாகப் புதிதாக இருந்தன. துளையோடு கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கோபித்துக்கொண்டார்.

—

புள்ளி பார்ப்பவன், நெல்லிக்குப்பம்

அக்கா சொல்வது சரி, ஆனால் எனக்குத் துளை பிடிக்காது. என் வழி வேறு. என்னிடம் பணம் இல்லை, கண் இருக்கிறது.

1862 என்று போட்ட விக்டோரியா ரூபாயை எல்லோரும் சாதாரணம் என்று ஒதுக்குவார்கள். 1862 முதல் 1874 வரை அதே ஆண்டையே போட்டு அடித்தார்கள். பம்பாய் நாணயச்சாலையில் எந்த ஆண்டில் அடித்தது என்பதைப் பின்பக்கத்தில் ஆண்டுக்குக் கீழேயும் மேலே மலர் அலங்காரத்தின் அருகேயும் இட்ட சின்னஞ்சிறு புள்ளிகள் சொல்லும். அவற்றில் சில புள்ளிக் கணக்கு அரிதானது. விற்பவருக்குப் புள்ளி தெரியாது, வெள்ளி தெரியும். நமக்குப் புள்ளி தெரிந்தால் வெள்ளி விலைக்கு அரிய நாணயம்.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்வரை உட்கார்ந்து புரட்டுவேன். தரையில் விரித்த துணியில் சட்டைப் பித்தானும் சைக்கிள் பூட்டும் நாணயமும் ஒன்றாகக் கிடக்கும். அங்கே ஒரு வியாபாரி 1818 என்று போட்ட அனுமார் நாணயத்தைக் காட்டி, "கடலூர்க் கோட்டையில் கிடைத்தது, கம்பெனிக்காரன் அடித்தது" என்றார். தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது உண்மை, 1690-இல் மராத்தியரிடம் கம்பெனி வாங்கியதும் உண்மை. அனுமார் படத்தோடு கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. எல்லாம் பின்னால் செய்த வில்லை. நான் சிரித்ததும், "தம்பி, விவரமானவன் வந்துவிட்டான்" என்று துணிக்கு அடியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்தார். அதில்தான் என் 1862 கிடைத்தது. புள்ளிக் கணக்கை இங்கே சொல்ல மாட்டேன், அடுத்த வாரம் நீங்களெல்லாம் அங்கே வந்துவிடுவீர்கள்.

—

பென்ஷன்காரர், லாஸ்பேட்டை

நெல்லிக்குப்பம் தம்பியின் வழிக்கு இளம் கண் வேண்டும். என்னிடம் கண்புரை ஆபரேஷன் செய்த கண்தான் இருக்கிறது, அதனால் ஏலத்தில் வாங்குகிறேன். அறிவிப்பில் உள்ள விலையைப் பார்த்து மகிழ வேண்டாம். சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரரின் கமிஷன், அதற்கும் ஜிஎஸ்டி, பிறகு தபால் செலவு. நான் முதலில் மொத்தச் செலவை முடிவு செய்துகொண்டு, இவற்றையெல்லாம் கழித்த பிறகு மீதி எவ்வளவோ அதுவரைதான் கேட்பேன். இரண்டாம் நாள், கூட்டம் கலைந்த பிறகு வரும் லாட்டுகளில் (ஏலப் பொருள்களில்) கை தூக்குபவர்கள் குறைவு.

1939 கேட்டவருக்கு: 1938-இல் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது நடக்கிறது. அந்த எண்ணைச் சுற்றிய தளம் மற்ற இடங்களைவிடப் பள்ளமாகவோ, கீறலாகவோ, அதிகப் பளபளப்பாகவோ இருந்தால் கை எடுத்துவிடுங்கள். எடை சரியாக இருக்கும், ஏனென்றால் நாணயம் அசல்தான். எண் மட்டும் பொய். அச்சு வார்த்து எடுத்த போலி என்றால் விளிம்பில் இணைப்புக் கோடும் மேற்பரப்பில் மணல் போன்ற பொரிவும் தெரியும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பாத்திரத்துக்குச் சரி. ஒரு வீட்டில் பிறைக்குறி போட்ட ஆற்காடு ரூபாய் பார்க்கப் போனேன். 1736-இல் அனுமதி கிடைத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த அந்த ரூபாய்க்கு அடையாளமே பிறைதான். நான் வரப்போகிறேன் என்று அந்த வீட்டம்மா முதல் நாளே புளியும் சாம்பலும் போட்டு விளக்கி வைத்திருந்தார். பிறை மழுங்கி, நாணயம் எவர்சில்வர் கரண்டி போல மின்னியது. நான் எதுவும் சொல்லாமல் காபி குடித்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று: பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று வரும் செய்திகளில் ரிசர்வ் வங்கியின் பெயரைப் போட்டுக் கமிஷன் கேட்கிறார்கள். அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்று வங்கியே 2021-இல் அறிவித்துவிட்டது. முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

—

மணல்மேடு, கடலூர் முதுநகர்

பெண்ணையாற்றுப் படுகையில் திருக்கோவலூர்ப் பக்கம் சங்க காலச் சிற்றரசர்களான மலையமான்களின் காசுகள் கிடைக்கும் என்று இங்கே முன்பு யாரோ சொன்னார்கள். ஆற்றில் நீங்களே கண்டெடுத்தால் சும்மா கிடைத்தது என்று எண்ண வேண்டாம். புதையல் சட்டம் 1878-இலிருந்தே இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த நாணயங்கள் 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆசை இருந்தால் ரசீதோடு வாங்குங்கள். ராஜராஜன் பெயர் உள்ள செப்புக் காசு அப்படியே மலிவாகக் கிடைக்கிறது, அதற்கு ஆற்றில் இறங்க வேண்டியதில்லை.

—

கெடிலக்கரை, கடலூர்

எல்லோருக்கும் நன்றி. 1939-க்கான இடம் ஆல்பத்தில் காலியாகவே இருக்கட்டும். வில்லியனூர்ச் சகோதரிக்கு ஒரு செய்தி: அதே வெள்ளிக் கடைத் தட்டில் துளையிட்ட வெள்ளிப் பணம் ஒன்று கிடக்கிறது, லில்லி தெரிகிறது, மறுபக்கம் இருட்டாக இருக்கிறது. கடைக்காரர் எடைக்குத்தான் தருவார். வேண்டுமென்றால் எடுத்து வைக்கச் சொல்கிறேன். முத்தியால்பேட்டைத் தம்பி, அடுத்த சீட்டில் ஓர் ஆள் குறைந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிபந்தனையை என் வீட்டிலும் சொல்லப் போவதில்லை.