ஆர்.சி. (ரமணிசந்திரன்) எல்லாம் முடிச்சாச்சு, அடுத்து எதை எடுக்கலாம்? (வேலூர் வாசகிகள் வட்டம்)

சத்துவாச்சாரி வாசகி:

தோழமைகளுக்கு வணக்கம். சத்துவாச்சாரி, காட்பாடி, வேலப்பாடி, கொசப்பேட்டைன்னு நாலா பக்கமிருந்தும் சேர்ந்த பத்துப் பேர் வட்டம் எங்களோடது. மாசம் ஒரு நாவல், ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுவோம். எல்லாருமே ரமணிசந்திரன் ரசிகைகள். பாதிப் பேர் ஆன்லைன் கதையும் படிக்கிறவங்க, யூடி (அப்டேட், அதாவது அடுத்த பகுதி) வரலைன்னா தூக்கம் வராத ரகம்.

சிக்கல் என்னன்னா, ஒரே மாதிரி கதையாவே எடுக்கிறதால பேச்சு நீள மாட்டேங்குது. "ஹீரோ சூப்பர், அந்த அத்தை மோசம்", அதோட பஜ்ஜித் தட்டு வந்துடுது. காதல் கதையை விட்டு வெளியே போக யாருக்கும் இஷ்டமில்லை. அதுக்குள்ளேயே பேச இடம் இருக்கிற நாவலா, ஆறு மாசத்துக்கு ஒரு வரிசை சொல்லுங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் நடக்கிற நாவல் ஏதாவது உண்டா? அப்புறம், ஒரு உறுப்பினர் வீட்டுல வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரிச்சு பைண்டு பண்ணின வால்யூம் ஏழெட்டு இருக்கு. தாள் பழுத்து ஓரம் உதிருது. பத்துப் பேர் கைமாத்திப் படிக்கலாமா?

கோட்டை வாசல்:

முதல் மாதம் லட்சுமியின் 'பெண் மனம்'. ஆர்.சி. வாசகிகளுக்கு இதைவிடப் பொருத்தமான அடுத்த படி கிடையாது. விருப்பமில்லாத கல்யாணம், பேர் கெட்ட பணக்காரக் கணவன், அவனை நம்ப மறுக்கும் மனைவி, மெதுவாகத் திரும்பும் மனசு. இன்றைக்குக் 'கட்டாயக் கல்யாணம்' என்று போட்டு வரும் கதைகளில் இருப்பதெல்லாம் இதில் முன்பே இருக்கிறது. 1963இல் வந்த 'இருவர் உள்ளம்' இந்த நாவலை வைத்து எடுத்த படம்தான். படத்தைக் கூட்டம் முடிந்த பிறகு பாருங்கள். முன்னால் பார்த்துவிட்டால் சிவாஜியும் சரோஜாதேவியும்தான் கண்ணில் நிற்பார்கள், எழுத்து நிற்காது.

கூட்டத்துக்கு ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: கணவன் திருந்திவிட்டான் என்பதை நாயகி எந்த இடத்தில் நம்புகிறாள், அவன் பேச்சாலா, செய்த காரியத்தாலா? பதிலைப் பக்க எண்ணோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பக்க எண் கேட்டாலே பாதி 'சூப்பர்' குறைந்துவிடும். ஆனால் எல்லாரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். பழைய பதிப்பும் புதுப் பதிப்பும் கலந்தால் எண் ஒத்துப்போகாது, அத்தியாய எண்ணைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்'. 'கல்கி'யில் மணிவண்ணன் என்ற புனைபெயரில் தொடராக வந்தது. பூரணி, அரவிந்தன் என்று குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு ஒரு தலைமுறையைப் பிடித்த ஜோடி. இரண்டு எச்சரிக்கை. முடிவு சுபம் கிடையாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கூட்டத்து நேரம் முழுக்க ஆசிரியரைத் திட்டுவதிலேயே போய்விடும். அடுத்தது, நடை அலங்காரமானது. ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் ஒரு பாட்டு வரும். அதைத் தாண்டிக் குதித்துப் படிக்கிறவர்கள் முதல் ஐம்பது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். வாரம் ஒன்றாகப் படிக்க எழுதியதை ஒரே மூச்சில் படித்தால் அதே வர்ணனை திரும்பத் திரும்ப வருவது போலத் தெரியும். உண்மையில் வருகிறதுதான், போன வாரத்தை மறந்திருக்கும் வாசகருக்காக.

மூன்றாவது சிவசங்கரியின் '47 நாட்கள்'. நான்கு, ஐந்து இரண்டு மாதமும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. அறுநூறு பக்கத்தைத் தாண்டும் நாவல், ஒரு மாதத்தில் அடங்காது. ஆறாவது மாதம், எல்லாரும் ஏற்கெனவே படித்த ஒரு ஆர்.சி.யை மறுபடி எடுங்கள். நாயகன் நாயகியை முதலில் தப்பாக எடைபோடும் காட்சி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது, அந்தத் தப்பு யார் சொல்லி விலகுகிறது என்று மட்டும் பாருங்கள். நூற்றைம்பதுக்கும் மேல் நாவல் எழுதிய கை எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடும்.

பிரதிக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பிரதி என்றால் ஆளுக்கு மூன்று நாள். ஆர்.சி.க்கு ஒரு மதியமே போதும், 'குறிஞ்சி மலரு'க்கு மூன்று நாள் போதாது. மூன்று பிரதி இருந்தால் ஆளுக்கு ஒரு வாரமாவது கிடைக்கும். மாவட்ட மைய நூலகத்தில் ஒன்று, வாங்குவது ஒன்று, மூன்றாவதைச் சென்னை போகிறவர் தலையில் கட்டுங்கள்.

யூடி பைத்தியம்:

கோட்டை வாசல் அண்ணா, '47 நாட்கள்' லவ் ஸ்டோரியே இல்லையே! ஏற்கெனவே கல்யாணமானவன் அதை மறைச்சு இன்னொருத்தியைக் கட்டி வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுத்தற பாடு அது. இவங்க கேட்டது காதல் நாவல்.

ஆனா வேற ஒரு காரணத்துக்காக லிஸ்ட்ல இருக்கட்டும்னு தோணுது. இப்போ ஆன்லைன்ல 'ஆன்ட்டி ஹீரோ' கதைதான் ஓடுது. பூட்டி வைக்கிறான், போனைப் பிடுங்கறான், முப்பதாவது எபில (எபிசோட்ல) ஒரு ஃப்ளாஷ்பேக் போட்டு மன்னிச்சுடறாங்க. அந்த மாதிரி ஒண்ணையும் '47 நாட்க'ளையும் ஒரே மாசத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா, அதே காரியத்தை ஒரு எழுத்தாளர் யார் கண்ணு வழியா காட்டறாங்கங்கறதுலதான் வித்தியாசம்னு புரியும். எங்க ஹீரோவோட மனசுக்குள்ள நம்மை இழுத்துட்டுப் போறாங்களோ அங்கதான் நாம மன்னிக்க ஆரம்பிக்கிறோம்.

ஆன்லைன் கதை எடுக்கறதா இருந்தா மூணு விஷயம் பாருங்க சிஸ். முடிஞ்ச கதையா எடுங்க, ஆன்கோயிங் வேண்டவே வேண்டாம். ரைட்டருக்கு வீட்டு வேலை, உடம்பு முடியலைன்னா மாசக்கணக்கா நிக்கும், உங்க சனிக்கிழமை காலி. ரெண்டாவது, கதை முடிஞ்சதும் கொஞ்ச நாள்ல லிங்க் எடுத்துடுவாங்க, புத்தகமா வரப்போகுதுன்னு. பத்துப் பேரும் படிச்சு முடிக்கறதுக்குள்ள காணாம போயிடும். அதனால கிண்டில்லயோ அச்சுலயோ வந்ததா பார்த்து எடுக்கணும். மூணாவது, எபி ஒவ்வொண்ணும் ஆயிரம், ஆயிரத்தைநூறு வார்த்தை இருக்கும், ஒவ்வொண்ணு முடிவுலயும் ஒரு ட்விஸ்ட் தொங்கும். புத்தகமா சேர்த்துப் படிக்கும்போது அந்த ட்விஸ்ட்ல பாதி அடுத்த பக்கத்துலயே புஸ்ஸுன்னு போகும். அது எந்த எபி எல்லாம்னு குறிச்சுட்டு வந்தாலே ஒரு மணி நேரம் பேசலாம்.

வாலாஜா ரோடு:

வட ஆற்காட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலை. மு.வ. இருக்கும்போது வேறு எங்கே தேடுவது? 1912இல் திருப்பத்தூரில் பிறந்தவர், வாலாஜா பக்கத்து வேலம் கிராமத்துக்காரர். 'அகல் விளக்கு' வாலாஜாவில்தான் தொடங்குகிறது. 1961க்கான சாகித்திய அகாதெமி விருது இந்த நாவலுக்கு.

இது காதல் நாவல் இல்லை, சந்திரன், வேலய்யன் என்ற இரண்டு நண்பர்களின் கதை. ஆனாலும் உங்கள் வட்டம் அவசியம் படிக்க வேண்டிய ஒரு பகுதி அதில் இருக்கிறது. கல்லூரியில் இமாவதி என்ற பெண் சந்திரனோடு கள்ளமில்லாமல் பழகுகிறாள். அவன் அதைக் காதல் என்று தானாக முடிவுகட்டிக்கொள்கிறான். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்றதும் இடிந்துபோகிறான், படிப்பும் கெட்டு வாழ்க்கையும் கெடுகிறது. வழக்கமான காதல் நாவலாக இருந்தால் அந்தப் பெண் 'ஏமாற்றுக்காரி' ஆகியிருப்பாள். மு.வ. அவளைக் குற்றவாளி ஆக்கவில்லை. அழகும் அறிவும் நிறைந்த பையன் எங்கே சறுக்கினான் என்றுதான் பார்க்கிறார். "பேசினாள், சிரித்தாள், அதனால் காதல்தான்" என்று நாயகன் எடுத்துக்கொள்ளும் கதைகளை நிறையப் படித்தவர்களுக்கு இந்த அத்தியாயங்கள் உறைக்கும்.

சுத்தமான காதல் கதைதான் வேண்டுமென்றால் 'கள்ளோ காவியமோ'. மங்கை, அருளப்பன், இடையில் சந்தேகம், பிரிவு. இதையே மூன்றாவது மாதத்துக்கு வைத்து '47 நாட்க'ளைக் கடைசிக்குத் தள்ளலாம்.

மு.வ.விடம் தடுக்குவது ஒன்றுதான். பாத்திரங்கள் திடீரென்று நின்று ஒரு பக்கத்துக்கு அறம் பேசும். கதையை நிறுத்திவிட்டுப் பேராசிரியர் வகுப்பெடுக்கிறார் என்பது நியாயமான குறை. அதற்காகத் தள்ளிவிட்டுப் படித்தால் நஷ்டம், ஏனென்றால் பிற்பாடு அதே ஆள் தான் பேசிய அறப்படி நடக்கிறானா என்று ஒப்பிட முடியாது. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலிகோ அட்டை:

பைண்டு வால்யூமைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நாவல் சங்கதி மற்றவர்களுக்கு.

வாரப் பத்திரிகை அச்சானது மலிவான நியூஸ் பிரின்ட் தாளில். மரக்கூழில் இருக்கும் லிக்னினை நீக்காமல் செய்த தாள் அது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி, உள்ளேயே அமிலம் ஊறி, நார் அறுந்துபோகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், ஷீட் கூரைக்கடியில் பரண்மேல் இருந்த வால்யூம் என்றால் இரண்டு மடங்கு வேகம். ஓரத்தில் ஒரு மூலையை மட்டும் மெதுவாக மடித்துப் பாருங்கள். இரண்டு முறை மடிப்பதற்குள் அப்பளம் மாதிரி உடைந்தால் கைமாற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

உடையாத தாள் என்றாலும் தையலைப் பாருங்கள். தொடர்கதைப் பக்கங்களைத் தனித்தனித் தாளாகக் கத்தரித்து, முதுகுப் பக்கம் ஓரத்தில் மேலிருந்து கீழே குத்தித் தைத்திருப்பார்கள். அரை அங்குல ஓரம் தையலுக்குள் போய்விடும். முழுசாக விரித்தால் தாள் தையல் கோட்டிலேயே வரிசையாக முறியும். நல்ல தாளிலும் முதலில் போவது அந்த இடம்தான். அதனால் பாதி மட்டும் திறந்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்துப் படிக்க வேண்டும். பஜ்ஜித் தட்டுக்கும் அதற்கும் ஒரு அறை தூரம் இருக்கட்டும்.

செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும், டேப் மட்டும் கழன்று வரும். மறுபடி பைண்டு பண்ணக் கொடுக்காதீர்கள். மூன்று பக்கமும் கட்டிங் போட்டால் எழுத்தே போகும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் இழுக்காமல், அதன் மடிந்த காலை மட்டும் நிமிர்த்தி, பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

ராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால் மற்றப் புத்தகத்தோடு சேர்க்கும் முன் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் நீர் கோத்துக்கொண்டு தாள் நனையும். பிறகு ஒரு அங்குல பெயின்ட் பிரஷ்ஷால், முதுகிலிருந்து வெளி ஓரமாகத் தட்டிவிடலாம். பாச்சை உருண்டையைப் பக்கங்களுக்குள் வைக்காதீர்கள். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம், நாற்றம் போகிறதோ இல்லையோ தாள் போய்விடும். நாற்றத்துக்கு மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடா, வால்யூமைத் தொடாமல், ஒரு வாரம்.

போனில் படம் எடுத்துப் படிப்பதாக இருந்தால் அந்த உறுப்பினர் வீட்டிலேயே எடுத்து, படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஃப். ஆக்கிக் குழுக்களில் சுற்றவிடக் கூடாது. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாக இருந்தாலொழிய, ஆசிரியர் காலமாகி அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு.

சத்துவாச்சாரி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. மூணாவது மாசத்துக்கு 'கள்ளோ காவியமோ' போட்டாச்சு. '47 நாட்க'ளை ஆறாவதுக்குத் தள்ளி, அந்த ஆர்.சி. மறுவாசிப்பை ஏழாவதா சேர்த்துக்கறோம். 'மோகமு'ள்ளுக்குத்தான் வீட்டுல ரெண்டு பேர் முகம் சுளிக்கிறாங்க, "அது அந்த மாதிரி கதை"ன்னு. ரெண்டு மாசமா எப்படிப் பிரிக்கறது?

கோட்டை வாசல்:

முதல் கூட்டத்துக்கு முந்நூறு பக்கம், அதற்கு மேல் போனவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நாயகன் பாபுவைவிட அவன் ஆசைப்படும் யமுனா பத்து வயது மூத்தவள் என்பதும், இது சங்கீதம் கற்கும் ஒருவனின் கதை என்பதும் முன்னாலேயே தெரிந்தால் போதும். முகம் சுளிப்பவர்களை, பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா வரும் இடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாட்டுக்கும் அந்த ஆசைக்கும் நடுவில் பாபு படும் பாடுதான் நாவல், நீங்கள் பயப்படும் சமாச்சாரம் அதில் சில பக்கம்தான். கும்பகோணத்துத் தெருவும் காவிரியும் விஸ்தாரமாக வரும், அங்கே வேகம் குறையும், வழக்கமாக ஆட்கள் கழன்றுகொள்வது அங்கேதான். அந்த வாரம் குழுவில் ஒரு செய்தி போட்டு விசாரித்துக்கொள்ளுங்கள், யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று.