கலைச்சொல் வேண்டல்: நிலத்துக்குள் குழாய் இறக்கி வீட்டைச் சூடாக்கும் பம்புக்கு என்ன பெயர்?

சு., ரொறன்ரோ:

அன்பின் நண்பர்களே,

ஒன்ராறியோவில் வீடு வைத்திருப்பவர்களுக்கான 24 பக்கக் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போகவேண்டும். தோட்டத்தில் துளையிட்டுக் குழாய் இறக்கி, அதில் ஓடும் திரவத்தின் வழியே மாரியில் நிலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குள் விடுவது, கோடையில் வீட்டு வெக்கையை நிலத்துக்குள் தள்ளுவது, இதுதான் பொருள். தலைப்பில் 'புவிவெப்பப் பம்பு' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் அதைப் புவி வெப்பமடைதலோடு சேர்த்துப் படித்து, 'பூமியைச் சூடாக்கும் பம்பா?' என்று ஓரத்தில் கேட்டிருக்கிறார். வாசகர்களும் அப்படித்தான் படிப்பார்கள். வேறு சொல் வேண்டும். கூடவே துளை, குழாய்ச் சுற்று, துளையை அடைக்கும் குழம்பு, குளிர் உச்சத்தில் உதவிக்கு வரும் மின்சூடாக்கி ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

ந., மிசிசாகா:

புவிவெப்பம் பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் 1930 முதல் ஊற்று வெந்நீரைக் குழாய்வழி கட்டடங்களுக்கு விடுகிறார்கள். அதைப் புவிவெப்பம் என்று சொல்வது சரி. பூமியின் உள்ளிருந்து வரும் சூடு அது. கையேடு பேசுவது வேறு. ரொறன்ரோப் பக்கம் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே நிலம் ஆண்டு முழுதும் 9, 10 பாகையிலேயே நிற்கிறது. தொட்டால் குளிரும். ஆனால் வெளியே −20 இருக்கும்போது அந்தப் பத்துப் பாகை பெரிய சொத்து. வெளியே 32 இருக்கும்போதும் அப்படியே. ஊர்க் கிணற்று நீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் சித்திரை உச்சியில் குளிர்ச்சியாகவும் இருப்பது இதே கணக்குத்தான்.

ஆகவே 'வெப்பம்' என்பதை நிலத்தோடு ஒட்டாதீர்கள், பம்போடு ஒட்டுங்கள். சூடு உண்டாக்குவது அதன் வேலை இல்லை. இருக்கும் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஏற்றுகிறது. அதனால்தான் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பம் கிடைக்கிறது.

பே., மதுரை:

அன்பர்களுக்கு வணக்கம். பம்பு எதற்கு? 'எக்கி' இருக்கிறதே. வயிற்றை எக்குகிறோம், அது உள்ளிழுத்தல். எட்டாத கொம்பை எக்கிப் பறிக்கிறோம், அது மேலெழுதல். உள்ளிழுத்து மேலேற்றுவது என்று இந்தப் பொறியின் இரு செயலையும் ஒரே வினையடி சொல்லிவிடுகிறது. கடலலை கொண்டுவந்து குவித்த மணல்மேட்டைச் சங்கப் புலவர்கள் 'எக்கர்' என்றார்கள். அதுவும் இதே வேர்தான் என்பது என் துணிபு. கீழே இருந்த மணலை அலை எக்கி மேலே வைத்தது. நில + எக்கி = நிலவெக்கி. ஐந்தே எழுத்து, கையேட்டின் அட்டைக்கும் அழகு.

த., கோவை:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நிலவெக்கியை வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் நிலவு + எக்கி என்றுதான் பிரிப்பார்கள். அப்படிப் பிரிக்க நன்னூலும் இடம் தருகிறது: 'முற்றும் அற்று ஒரோவழி' என்பதால் நிலவின் உகரமும் கெட்டு நிலவெக்கி ஆகும். நிலாவிலிருந்து எதை எக்குவது? 'வெப்பப் பெயர்ப்பி' என்று வைக்கலாம். ந. சொன்ன இடப்பெயர்ச்சி அதில் வருகிறது. 'வெப்பமாற்றி' மட்டும் வேண்டாம். இரண்டு திரவங்கள் கலக்காமல் சூட்டைக் கைமாற்றும் கருவிக்கு அதைப் பாடநூலில் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், இந்தப் பொறிக்குள்ளேயே அப்படி இரண்டு இருக்கின்றன.

வா., யாழ்ப்பாணம்:

அன்பின் சு., இலங்கையில் 'பம்பி' என்று எழுதுகிறோம். நீர்ப்பம்பி எல்லாருக்கும் தெரியும். ரொறன்ரோவில் இந்தக் கையேட்டை வாங்கிப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்து போன சனம். அவர்களுக்கு 'நிலக்கீழ் வெப்பப் பம்பி' என்றால் போதும். எக்கியும் பெயர்ப்பியும் அவர்கள் கேட்டறியாதவை. ஐயாவின் வேர்ச்சொல் ஆய்வு அருமை. ஆனால் குழாய் வேலைக்கு வருகிறவரோடு தொலைபேசியில் பேச ஒரு சொல் வேண்டும்.

பே., மதுரை:

அம்மா, கேட்டறியாதது என்பதால் விலக்கினால் எந்தச் சொல்லும் பிறக்காது. பேருந்து என்பதையும் ஒருநாள் யாரும் கேட்டதில்லை. பம்பி ஆங்கிலச் சொல்லுக்கு இகரம் போட்டது. 'பம்புதல்' தமிழில் உண்டு, செறிதல், பொங்குதல் என்று பொருள். அதைக் காட்டிப் பம்பியைத் தமிழாக்க யாரும் முனையவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பம்பு வேறு, இந்தப் பம்பு வேறு.

ந., மிசிசாகா:

வா. அக்கா, 'நிலக்கீழ்' இங்கே சிக்கல். ரொறன்ரோத் தமிழர்களுக்கு நிலக்கீழ் என்றால் வீட்டின் நிலக்கீழ் அறை. பம்பும் அங்கேதான் இருக்கும், பழைய எரிவாயு உலையும் அங்கேதான் இருந்தது. 'நிலக்கீழ் வெப்பப் பம்பி' என்றால் 'பேஸ்மென்டில் வைக்கும் பம்பி' என்று படிப்பார்கள், தோட்டத்துத் துளை நினைவுக்கே வராது. தமிழ்நாட்டாரின் 'நிலத்தடி' நல்லது.

சுவீடன்காரர் இதற்கு மூன்று சொல் வைத்திருக்கிறார்கள்: பாறைத் துளையிலிருந்து எடுப்பதற்குப் 'பாறைச்சூடு', தோட்டத்து மண்ணில் கிடையாகப் புதைத்த குழாய்க்கு 'மண்சூடு', ஏரியடியில் கிடத்திய குழாய்க்கு 'ஏரிச்சூடு' என்று பொருள்படும் சொற்கள். நாமும் வகைப்பெயராக அப்படியே வைக்கலாம்.

பே., மதுரை:

மட்சூடு. மண் + சாடி = மட்சாடி, மண் + குடம் = மட்குடம். வேற்றுமைப் புணர்ச்சியில் ணகரம் டகரமாகும்.

த., கோவை:

ஐயா, இலக்கணம் சரி. 'மட்சூடு' என்று அச்சிட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். மண்சட்டி, மண்பானை, மண்சுவர் எல்லாம் ணகரத்தோடுதான் வழங்குகின்றன.

சு., ரொறன்ரோ:

இரண்டு நாள்தான் இருக்கிறது. துளை நிரப்பும் குழம்புக்கு ஒரு சொல் சொல்லுங்கள். 'களிமண் குழம்பு' என்று எழுதியிருக்கிறேன்.

ந., மிசிசாகா:

அதை மாற்றுங்கள், ஏதோ மண்ணை அள்ளிப் போடுவதுபோலத் தொனிக்கிறது. இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

நடுத்தர வீட்டுக்கு மூன்று டன் பம்பு (டன் இங்கே எடையல்ல, பம்பின் திறனளவு). டன்னுக்கு 45 முதல் 60 மீட்டர் துளை. ஆக 180 மீட்டரில் ஒரே துளை, அல்லது 90 மீட்டரில் இரண்டு. இரண்டென்றால் இடையில் 6 மீட்டராவது விடவேண்டும், நெருக்கினால் ஒன்றின் சூட்டை மற்றது பறிக்கும். துளையின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். அதில் அடியில் வளைந்து திரும்பும் பாலிஎத்திலீன் குழாய், ஒன்றேகால் அங்குலம். இணைப்புகளைப் பசையால் ஒட்டக்கூடாது, உருக்கித்தான் இணைக்கவேண்டும். இறக்குமுன் ஒருமுறை, இறக்கியபின் ஒருமுறை அழுத்தச் சோதனை.

பிறகு பென்டோனைட் களியும் சிலிக்கா மணலும் நீரும் கலந்த குழம்பை, துளையின் அடிவரை இறக்கிய தனிக்குழாய் வழியே கீழிருந்து மேலாக நிரப்பவேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவே காற்றறைகள் நிற்கும். காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது, அந்த இடத்துக் குழாய் இருந்தும் பயனில்லை. மணல் சேர்ப்பது ஏனென்றால் வெறும் பென்டோனைட்டின் வெப்பங்கடத்துதிறன் 0.7 அளவில்தான், மணல் சேர்த்தால் அதன் இரண்டு மடங்குக்கு ஏறும். இன்னொரு வேலை, மேல்மட்ட அழுக்குநீர் கீழே இறங்காமலும் ஒரு நீரடுக்கு இன்னொன்றோடு கலக்காமலும் அடைப்பது.

அடைப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஜெர்மனியின் ஷ்டவுஃபென் நகரம் சான்று. 2007இல் நகரமன்றக் கட்டடத்தைச் சூடாக்க அதன் பின்னால் ஏழு துளைகள், 140 மீட்டர் ஆழம் இட்டார்கள். கீழேயிருந்த நிலத்தடி நீர் துளைகளின் வழியே மேலேறி, நீரற்ற கால்சியம் சல்பேட் அடுக்கைத் தொட்டது. நீரைக் குடித்தால் அது ஜிப்சமாக மாறும், பருமன் பாதிக்கு மேல் கூடும். நகரமே மேலே எழும்பியது, இருநூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்பு. ஆகவே சொல்லில் 'அடைத்தல்' இருக்கவேண்டும். நான் சொல்வது 'அடைசாந்து'.

த., கோவை:

அடைசாந்து மிக நன்று. வினைத்தொகை, யாரும் சண்டை போடமாட்டார்கள்.

வா., யாழ்ப்பாணம்:

எனக்கும் சம்மதம். சாந்து என்றால் மேசன்மாருக்கும் விளங்கும்.

பே., மதுரை:

உடன்படுகிறேன். துணை மின்சூடாக்கிக்கு 'தடவு' என்பதைக் கருதுங்கள். நெடுநல்வாடையில் வாடைக் காலத்து மாளிகையில் 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர' என்று வருகிறது. தென்றலுக்கான வேனிற்பள்ளியின் கதவைத் தாழிட்டுவிட்டு, அகன்ற வாயுள்ள தடவில் தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள். கட்டடத்தைச் சூடாக்கும் கருவிக்குத் தமிழில் ஈராயிரமாண்டுப் பெயர் இருக்கும்போது 'சூடாக்கி' எதற்கு?

ந., மிசிசாகா:

ஐயா, வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட் பற்றிக் கையேட்டில் வாக்கியம் இப்படி வரும்: 'இரவில் தெர்மோஸ்டாட்டை மிகக் குறைக்காதீர்கள்; காலையில் ஒரேயடியாக உயர்த்தினால் துணைத் தடவு ஓடும், மின்கட்டணம் ஏறும்.' இதைப் படிப்பவர் எதைத் தடவுவது என்று கேட்பார். இந்த ஒரு வாக்கியம் விளங்காமல் போனால் அவருக்குப் பணம் போகும். எரிவாயு உலையிலிருந்து 50 பாகைக் காற்று வந்து பழகியவர்களுக்குப் பம்பின் 35, 40 பாகைக் காற்று 'சூடே இல்லை' என்று தோன்றும், தெர்மோஸ்டாட்டை மேலே தள்ளுவார்கள், துணைச் சூடாக்கி தானாக ஓடத் தொடங்கும். இந்தப் பக்கத்தில் மட்டும் புதுச்சொல் எதுவும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சு., ரொறன்ரோ:

அனைவருக்கும் நன்றி. இன்று அனுப்புகிறேன். தலைப்பு 'நிலத்தடி வெப்பப் பம்பி'. நிலத்தடி தமிழ்நாட்டிலிருந்து, பம்பி யாழ்ப்பாணத்திலிருந்து. துளைக்கு ஆழ்துளை, குழாய்க்கு நிலத்தடிக் குழாய்ச் சுற்று, குழம்புக்கு அடைசாந்து, மின்சூட்டுக்குத் துணைச் சூடாக்கி. பாறைச்சூடு, மண்சூடு, ஏரிச்சூடு மூன்றும் 5ஆம் பக்கத்தில் வகைப்பெயராக வருகின்றன.

த., கோவை:

ஏரியடிக் குழாயை 'நிலத்தடி' என்பது இடிக்கிறது. ரொறன்ரோ நகர மையத்தில் 2004 முதல் ஒன்ராறியோ ஏரியின் 83 மீட்டர் ஆழத்து 4 பாகை நீரால் கட்டடங்களைக் குளிர்விக்கிறார்களே, அங்கே நிலத்துக்கு வேலையே இல்லை. வேறு வழி தெரியாததால் ஒத்துக்கொள்கிறேன்.

பே., மதுரை:

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். பம்பி என்பதை ஏற்கவில்லை. கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் 'வெப்ப எக்கி' என்பதையும் பக்கத்தில் அச்சிடவேண்டும். நிலவெக்கி வேண்டாம், த. சொன்ன பிரிப்பு சரிதான். மண்சூடு என்று அச்சாவதையும் மறுப்போடு பதிவுசெய்கிறேன்.

சு., ரொறன்ரோ:

ஐயா, சொற்பட்டியலில் ஒரு வரி இடமிருக்கிறது. 'வெப்ப எக்கி' அச்சுக்குப் போய்விட்டது. மட்சூடு போகவில்லை.