பொறுத்துப்போறது வேற, கவனிக்கிறது வேற: டெல்டா வீடுகள்ல தியான அனுபவம்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

விபாசனா, மூச்சு தியானம், மைத்ரி தியானம் (எல்லாரும் நல்லா இருக்கணும்னு மனசார நினைக்கறது)னு ஏதாவது பழகினவங்க, அது வீட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு மட்டும் எழுதுங்க. புருஷன் பொண்டாட்டி, அப்பா புள்ள, மாமியார் மருமக, எதுவா இருந்தாலும் சரி. மன அமைதி கிடைச்சுது, ஒளி தெரிஞ்சுதுங்கறதை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

முதல்ல நான். சென்னை திருமுடிவாக்கத்துல தம்ம சேதுன்னு கோயங்கா மரபு விபாசனா மையம் இருக்கு. அங்க பத்து நாள் முகாம் போனேன். காலையில 4 மணிக்கு மணி அடிச்சுடும். ஒன்பது நாள் பேச்சு கிடையாது, சைகை கூடக் கூடாது, போனை வாங்கி வச்சுக்குவாங்க. முதல் மூணரை நாளும் மூக்குக்குக் கீழ, மேலுதட்டுல மூச்சு படுற இடத்தை மட்டும் பாக்கணும். நாலாம் நாள் மத்தியானத்துல இருந்து தலை முதல் கால் வரைக்கும் உடம்புல தெரியுறதைப் பாக்கணும். சூடு, அரிப்பு, துடிப்பு, பாரம் எது வந்தாலும் சரி. புடிச்சிருக்குன்னு பின்னாடி ஓடக் கூடாது, புடிக்கலைன்னு தள்ளவும் கூடாது. பாடம் அவ்வளவுதான். கோயங்கா பர்மாவுல மண்டலேல பொறந்த வியாபாரி. அங்கேயே கத்துக்கிட்டு 1969ல இந்தியாவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சவர்.

இது எதுக்குன்னு எனக்கு விளங்கினது கொள்முதல் நிலையத்துலதான். நெல்லைக் கொட்டி வச்சு முறைக்குக் காத்துக்கிட்டு இருக்கோம். மேகம் கருத்துக்கிட்டு வருது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டேங்கறது விதி, நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அந்த நேரத்துல அப்பா போன்: "தார்ப்பாயை ஒழுங்காப் போர்த்தினியா?"

அவர் கேட்டது தார்ப்பாய் பத்தி. என் காதுல விழுந்தது "நீ எதுக்கும் லாயக்கில்ல". சின்ன வயசுல இருந்து அவர் கேக்கற எல்லாக் கேள்வியும் எனக்கு அப்படித்தான் விழும். அன்னைக்குக் காது மடல் சூடாச்சு, தொண்டையில ஏதோ வந்து அடைச்சுது. முகாம்ல மணிக்கணக்கா உக்காந்து பார்த்தது இதைத்தானேன்னு தோணுச்சு. அந்தச் சூட்டையே பார்த்தேன். நாலஞ்சு மூச்சுல இறங்கிடுச்சு. "போர்த்தியாச்சுப்பா, ஓரத்துல செங்கல் வச்சிருக்கேன்"னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நீ சாப்டியா?"

புத்தர் ஒரு உபதேசத்துல ரெண்டு அம்புன்னு சொல்வார். முதல் அம்பு பட்டா வலிக்கும், அதை யாரும் தடுக்க முடியாது. அதுக்கப்புறம் பொலம்பி, மனசுக்குள்ள கதை கட்டி, நாமளே குத்திக்கறது ரெண்டாவது. மழை முதல் அம்பு. எங்க வீட்டுல வருஷா வருஷம் சண்டை வந்ததெல்லாம் ரெண்டாவதால.

மெக்கானிக் மாப்ள (மன்னார்குடி)

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் பார்த்தது நேர்மாறு. எங்க அக்கா வீட்டுக்காரர் ஒரு முகாம் போயிட்டு வந்தாரு. அதுல இருந்து அக்கா எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்குவாரு. புள்ள பீஸ் கட்டணுமே? மூச்சு. மோட்டார் ரிப்பேரு? மூச்சு. "நான் ரியாக்ட் பண்றது இல்ல"ன்னு பெருமை வேற. அக்கா சொல்லுது, முன்னாடி கத்தவாவது செஞ்சாரு, மனுஷன் வீட்டுல இருக்காருன்னு தெரியும். இதுக்கு உங்க புத்தர் என்ன சொல்றாரு?

நன்னிலம் மருமகள்

மாப்ள கேட்டதுக்கு நான் சொல்றேன். நானும் அதே சந்தேகத்தோடதான் உள்ள போனேன்.

கல்யாணமாகி வரும்போது எங்கம்மா சொல்லி அனுப்பினது ஒரே வரி, "பொறுத்துப்போடி". பாட்டி சொன்னதும் அதான். இப்ப யூடியூப்ல ஒருத்தர் சாந்தமா உக்காந்து "எதையும் எதிர்க்காம ஏத்துக்குங்க"ங்கறார். இதைத்தானே நாங்க தலைமுறை தலைமுறையா இலவசமாப் பண்ணிக்கிட்டு இருக்கோம், இதுக்கு தியானம் வேறயான்னு இருந்துச்சு.

மனசு மாறினது ஒரு விஷயம் படிச்சப்போ. புத்தகோசர்னு பழைய பௌத்தத் துறவி எழுதின விசுத்திமக்கம்ங்கற பாலி நூல்ல அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில மகிழறது, சமநிலை, இந்த நாலுக்கும் ரெண்டு ரெண்டு எதிரி சொல்லியிருக்கார். தூரத்து எதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அன்புக்கு வெறுப்பு மாதிரி. கிட்டத்து எதிரிதான் ஆபத்து. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். அன்புக்குக் கிட்டத்து எதிரி பற்று, 'நீ எனக்கு மட்டும்தான்'ங்கறது. சமநிலைக்குக் கிட்டத்து எதிரி அலட்சியம். உங்க அக்கா வீட்டுக்காரர் கண்ணை மூடி உக்காந்திருக்கறது அந்த அலட்சியத்துலதான் மாப்ள, சமநிலையில இல்ல. புத்தர் மேல பழியப் போடாதீங்க.

என் கதை. கூட்டுக் குடும்பம், ஒரே அடுப்படி. நாள் கிழமைன்னா பதினஞ்சு பேர் பந்தி. நான் வத்தக்குழம்பு வச்சா எங்க அத்தை ஒரு வாய் போட்டுக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "ம், அவங்க வீட்டுப் பக்குவம்"பாங்க. நல்லா இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல பாருங்க. கொழுந்தனார் சிரிப்பார். எனக்கு வயித்துக்குள்ள ஒரு முறுக்கு விழும். வருஷக்கணக்கா அந்த முறுக்கோட பாத்திரம் கழுவியிருக்கேன். அதுக்குப் பேரு பொறுமைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

தியானம் பழகினதுக்கப்புறம் முறுக்கு நிக்கல. எப்ப விழுதுன்னு தெரிய ஆரம்பிச்சுது. அத்தை கரண்டியை எடுக்கும்போதே விழுது! அவங்க இன்னும் வாயே திறக்கல. அப்ப பாதி, நானே முன்கூட்டி வாங்கி வச்சுக்கறது. மீதிப் பாதி நெஜமாவே அவங்க சொல்றது. அந்த மீதிக்குப் பதில் சொல்லியாகணும்னு தெளிவாச்சு.

எப்படிச் சொல்றதுன்னும் புத்தர் அஞ்சு வச்சிருக்கார்: நேரம் பார்த்து, உண்மையா, இதமா, பிரயோஜனமா, உள்ளுக்குள்ள அன்போட. எனக்கு நேரந்தான் கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா பந்தியிலயே திருப்பிக் கொடுக்கணும்னு நாக்கு துடிக்கும். ஒரு மத்தியானம் அத்தை திண்ணையில முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் ஒரு கொத்தை எடுத்துக்கிட்டு பக்கத்துல உக்காந்தேன். "அத்தை, குழம்பு சரியில்லன்னா எங்கிட்ட தனியாச் சொல்லுங்க, திருத்திக்கறேன். எல்லார் முன்னாடியும் சொன்னா எனக்கு சோறு இறங்க மாட்டேங்குது."

கீரையை உருவிக்கிட்டே இருந்தாங்க. ஒரு பதில் இல்ல. ரெண்டு மூணு நாள் முகம் கொடுத்துப் பேசல. அப்புறம் ஒருநாள் அடுப்பங்கரைக்கு வந்து, "புளி கொஞ்சம் தூக்கல், வெல்லம் போடு"ன்னாங்க. எனக்கு மட்டும் கேக்கற குரல்ல. இப்பவும் நாத்தனார் வந்தா பழைய பாட்டு வரும், இல்லைன்னு சொல்லல.

இன்னொண்ணும் சொல்லணும். அடி உதை இருக்கற வீட்டுக்கு இதெல்லாம் மருந்தில்ல. அங்க மூச்சைப் பார்த்துக்கிட்டு உக்காராதீங்க. 181 பெண்கள் உதவி எண் இருக்கு, 2005ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. முதல்ல பத்திரமான இடத்துக்குப் போங்க.

தோஹாவுல இருந்து (ஊர் முத்துப்பேட்டை)

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு அஞ்சு வேளை தொழுகை இருக்கு, வேற வழிபாடு தேவையில்ல. இதுல ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். வியட்நாம் துறவி திக் நாட் ஹான், 2022ல காலமானார், பிரான்ஸ்ல மடம் வச்சிருந்தவர். நேசிக்கறவங்களுக்குக் கொடுக்கற பெரிய பரிசு நாம முழுசா அங்க இருக்கறதுதான்னு சொல்லிக்கிட்டே இருந்தவர். குறுக்கப் பேசாம, புத்தி சொல்லாம கேக்கறதையே ஒரு பயிற்சியா வச்சிருந்தார்.

நம்ம ஊருக்கும் இங்கேயும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். நான் டூட்டி முடிச்சு, குளிச்சு, 9 மணிக்குக் கூப்பிட்டா அங்க பதினொன்றரை. அவ தூக்கத்துல, நான் அசதியில. பேச்சு என்னவா இருக்கும்? காசு வந்துச்சா, வாப்பாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா, கரண்ட் பில்லு. அவ பதில் சொல்லும்போது என் கட்டை விரல் வேற ரீல்ஸைத் தள்ளிக்கிட்டு இருக்கும். நாங்க தங்கியிருக்கற லேபர் கேம்ப்ல எல்லாப் படுக்கையிலயும் இதான் நிலைமை.

ஒருநாள் போனைத் தண்ணி பாட்டில் மேல சாய்ச்சு வச்சுட்டு, ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, அவ பேசறதை மட்டும் கேட்டேன். பக்கத்து வீட்டுக் கோழி கொல்லைக்குள்ள வந்ததுல ஆரம்பிச்சா. நான் குறுக்க ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டு, "என்னங்க, நெட் நின்னு போச்சா?"

இல்ல, கேட்டுக்கிட்டு இருக்கேன்னேன். நம்பல. "உடம்பு சரியில்லையா? வேலையில ஏதாச்சும் பிரச்சினையா?" என்னைச் சமாதானப்படுத்தவே கால் மணி நேரம் ஆச்சு அவளுக்கு. பழகப் பழக, கோழி முடிஞ்சு அவளோட முதுகு வலி வந்துச்சு. அது ரொம்ப நாளா இருக்காம். அதை ஒரு தடவைகூட எங்கிட்ட சொன்னதில்ல. டாக்டரைப் பார்த்தாச்சு, இப்ப பரவாயில்ல.

வாத்தியார் (ஓய்வு), நாகப்பட்டினம்

நண்பர்கள் புத்தரை வெளியூர்க்காரர் போலப் பேசுவதால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் நாகையில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய (சுமத்ரா பக்கத்து) மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்தது. அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேடுகளில் இருக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முன்பே உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்து விகாரத்தில் தங்கிப் பாலியில் நூல்கள் எழுதினார். மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பகுத்துச் சொல்வது அவற்றில் ஒன்று. பூம்புகார் பல்லவனேஸ்வரத்தில் தோண்டி எடுத்த விகாரத்தின் அடித்தளத்தையும் புத்தர் பாதத்தையும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். அவர்கள் செல்பி எடுத்துக்கொண்டார்கள். அது போகட்டும்.

தியானம் எனக்கு அதிகம் வராது, முட்டி வலி. என் வீட்டில் வேலை செய்தது சிகாலன் கதைதான். ராஜகிருகத்தில் ஓர் இளைஞன் காலையில் ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். புத்தர் அவனிடம், மேற்குத் திசை என்பது உன் மனைவி, அவளுக்கு நீ செய்ய வேண்டியவை ஐந்து என்கிறார். மரியாதை கொடு. இழிவாகப் பேசாதே. துரோகம் செய்யாதே. வீட்டு அதிகாரத்தை அவளிடம் விடு. ஐந்தாவது, நகை வாங்கிக் கொடு. ஆம், பௌத்த மறைநூலான திரிபிடகத்திலேயே இருக்கிறது. மனைவிக்கும் பதிலுக்கு ஐந்து கடமை உண்டு, சம்பாதித்ததைக் காப்பது உட்பட.

இதை ஒருநாள் ராத்திரி இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய் ஊற்றிக்கொண்டே வீட்டு அம்மாளிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டாள். "சரி, அஞ்சாவதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள்.

தங்கம் விற்கிற விலையில் நான்காவதிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். பென்ஷன் பாஸ்புக் இப்போது அவளிடம்.

பாபநாசம் தம்பி

அக்கா, அண்ணன் எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச மாசந்தான் ஆகுது. நானும் அவளும் சேர்ந்து முகாம் போகலாமா? பீஸ் எவ்வளவு?

வெண்ணாற்றங்கரை

தம்பி, போகலாம். ஆனா ஆண்கள் தனி, பெண்கள் தனி. தங்கறது, சாப்பிடறது எல்லாமே பிரிச்சுத்தான். பத்தாம் நாள் மௌனம் முடியற வரைக்கும் நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க முடியாது, முறைச்சுக்கவும் முடியாது. மைத்ரி தியானம் சொல்லிக்கொடுக்கறது அந்தப் பத்தாம் நாள்தான். பீஸ் கிடையாது, முன்னாடி முகாம் முடிச்சவங்க கொடுக்கற நன்கொடையில நடக்குது. மனநலத்துக்கு மாத்திரை எடுக்கறவங்க விண்ணப்பத்துல மறைக்காம எழுதணும், டாக்டர்கிட்டயும் கேட்டுக்கணும்.

மாப்ள, உங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட நான் பேசறேன், நம்பர் வாங்கிக் கொடுங்க. மோட்டாரை மட்டும் நீங்களே போய்ப் பார்த்துடுங்க.

தம்பிக்கு இன்னொண்ணு: தை, மாசியில போட்டுடாதீங்க. அறுப்பு நேரத்துல புதுசா கல்யாணமான ரெண்டு பேரும் பத்து நாள் காணோம்னா உங்க அப்பாவுக்கு வர்ற கோபத்தை அவர்தான் சமாளிக்கணும், அவரு எந்த முகாமும் போனதில்ல. சித்திரை, வைகாசியில இடம் கேளுங்க. ஜூன் 12 மேட்டூர் திறக்கறதுக்குள்ள வந்து நாத்தங்கால் வேலையைப் பார்த்துக்கலாம்.